அந்தக் கோப்பை எழுதுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறுவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையையும், அதை மறுத்து வந்த வாசகர் கடிதத்தையும் சேர்த்தே படித்தேன். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் டாட் கான்ஃபிக் ஃபோல்டரை (நிரல்களின் அமைப்புகள், அதாவது கான்ஃபிக், இருக்கும் இடம்) அப்படியே பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போய்ப் புதிய கணினியில் கொட்டினால் போதும் என்கிறது கட்டுரை. கடிதம் எழுதியவரோ அதெல்லாம் பழைய முறை, ஹோம் மேனேஜர் மாதிரி ஒரு கருவியைப் போட்டு எல்லா கான்ஃபிக் கோப்புகளையும் அதிலிருந்தே உருவாக்கிக்கொள்ளுங்கள், இனி எதையும் கையால் தொடாதீர்கள் என்கிறார். நான் அவர் பக்கம்தான் அதிகம் சாய்வேன். ஆனால் எல்லாவற்றையும் என்று அவர் சொன்னதை நம்பி இறங்குகிறவர்கள் சீக்கிரமே அலுத்துப்போய்க் கருவியையே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் கட்டுரையாளர் அப்படி எழுதியிருக்க மாட்டார். நாம் யோசித்து எழுதிய அமைப்புகள் அதில் கொஞ்சம்தான் இருக்கும். மீதியெல்லாம் நிரல்கள் தாங்களாகவே எழுதிக்கொண்டவை: ஜன்னல் எந்த அளவில் இருந்தது, கடைசியாக எந்தக் கோப்பைத் திறந்தோம், பழைய மானிட்டரின் பெயர், எப்போதோ நீக்கிய செயலி விட்டுப்போன குப்பை, போதாக்குறைக்கு, கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும், ஏதோ ஒரு சேவைக்கான லாகின் டோக்கன். சில பிரவுசர்கள் குக்கீ உட்பட முழு புரொஃபைலையுமே அங்கேதான் போட்டு வைக்கின்றன. இதை அள்ளிக்கொண்டு போனால் புதிய கணினியில் முதல் நாளே எது நாம் வைத்தது, எது தானாக வந்தது என்று பிரிக்க முடியாது.

இந்தக் கலப்படம் இன்று நேற்று வந்ததல்ல. புள்ளியில் தொடங்கும் கோப்புகள் மறைந்திருப்பதே யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை என்று பெல் லேப்ஸில் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதியிருக்கிறார். இந்த ஃபோல்டர், இதற்கு மேலுள்ள ஃபோல்டர் என்பவற்றைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்கள் பட்டியலில் வந்து தொல்லை கொடுக்கக் கூடாது என்பதற்காக, பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிப் போய்விடு என்று கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டில் ஒரு வரி போட்டார்களாம். அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லா நிரல்களும் ஹோம் ஃபோல்டருக்குள் கோப்புகளைப் போட ஆரம்பித்தன. 2003இல் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் எக்ஸ்டிஜி வரையறை வந்து, கான்ஃபிக் ஓரிடம், டேட்டா ஓரிடம், கேஷ் ஓரிடம் என்று பிரித்தது. ஆனால் ஹிஸ்டரி, ஜன்னல் அளவு போன்ற, நிரல் தனக்காகக் குறித்துக்கொள்ளும் விஷயங்களுக்கு அதில் தனி இடம் கிடைத்தது 2021இல்தான். அதற்குள் அவையெல்லாம் கான்ஃபிக் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டன, இன்னும் பல நிரல்கள் மாறவில்லை.

சரி, இப்போது கடிதக்காரர் சொல்லும் முறை. என்ன வேண்டும் என்பதை மட்டும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டு, அதை எப்படிக் கொண்டுவருவது என்பதைக் கருவியிடம் விட்டுவிடுவதைத்தான் டிக்ளரேட்டிவ் என்கிறார்கள். சர்வர்களை நிர்வகிக்கிறவர்களுக்கு இது பழைய கதை, மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப்எஞ்சின் 1993இலேயே வந்துவிட்டது. ஒரு கான்ஃபிக் கோப்பை இன்னொரு கோப்பிலிருந்து உருவாக்குவதும் புதிதல்ல. சென்ட்மெயில் என்ற மெயில் சர்வரின் கான்ஃபிக் மனிதர்கள் நேரடியாக எழுதவே முடியாத அளவுக்கு முறுக்கியிருந்ததால், எம்4 என்ற மேக்ரோ மொழியில் சின்னதாக எழுதி, அதிலிருந்து பெரிய கோப்பை உருவாக்குவார்கள். சர்வர்களுக்கு இருந்த வசதி தனி ஆளின் எடிட்டருக்கும், கமாண்ட் வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கும் டெர்மினலுக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹோம் மேனேஜர், நிரல்களை நிறுவி நிர்வகிக்கும் நிக்ஸ் என்ற கருவியின் மேல் நிற்கிறது. நிக்ஸ், ஏல்கோ டால்ஸ்ட்ரா உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, அவருடைய ஆய்வேடு 2006இல் வந்தது. அதன் மொழியில் நீங்கள், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற நிரல் வேண்டும், பெயர் இது, மின்னஞ்சல் இது என்று மதிப்புகளை மட்டும் எழுதுகிறீர்கள். சுவிட்ச் என்று கமாண்ட் கொடுத்ததும் அது அந்த மதிப்புகளை கிட்டுக்குப் புரியும் வடிவில் ஒரு கோப்பாக எழுதி, நிக்ஸ் ஸ்டோர் என்ற தனி இடத்தில், அதை உருவாக்கிய உள்ளீடுகளிலிருந்து கணக்கிட்ட 32 எழுத்து அடையாளம் (ஹாஷ்) முன்னால் ஒட்டிய பெயரோடு வைத்துவிட்டு, ஹோம் ஃபோல்டரிலிருந்து அங்கே சுட்டிக்காட்டும் இணைப்பாக ஒரு சிம்லிங்க் மட்டும் போடுகிறது. ஒவ்வொரு சுவிட்சும் ஒரு ஜெனரேஷன். புதியது பிடிக்கவில்லையா, பழைய ஜெனரேஷனுக்குத் திரும்பிவிடலாம், பழைய கோப்புகள் ஸ்டோரில் அப்படியே இருக்கின்றன. ஏற்கெனவே அந்த இடத்தில் நீங்கள் கையால் எழுதிய கோப்பு ஏதாவது இருந்தால் அதன்மேல் ஏறி மிதிக்காமல் நின்றுவிடும், பேக்கப் எடுத்துக்கொண்டு தொடரச் சொன்னால்தான் தொடரும். இந்த மரியாதை எனக்குப் பிடித்த விஷயம்.

உண்மையான லாபம் எங்கே என்றால், கோப்பு வடிவங்களின் தொல்லை போய்விடுகிறது. ஒரு நிரலுக்கு ஐஎன்ஐ, இன்னொன்றுக்கு ஜேசன், அடுத்ததற்கு யாமல், இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாம் டாமல். ஜேசனில் கடைசி வரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி கூடினால் கோப்பே செல்லாது, கமெண்ட் எழுதவும் வழி கிடையாது. யாமல் இன்னும் குறும்பு. அதன் 1.1 பதிப்பில் ஆங்கிலத்தில் 'நோ' என்று இரண்டெழுத்து எழுதினால் அது பொய் என்ற பூலியன் (உண்மை/பொய்) மதிப்பாகிவிடும், அதே இரண்டெழுத்தான நார்வேயின் நாட்டுக் குறியீட்டை எழுதிய எத்தனையோ பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள். 22:22 என்று எழுதினால் அறுபதின் அடியில் எண்ணி 1342 ஆக்கிவிடும், 3.10 என்ற பதிப்பு எண் 3.1 ஆகிவிடும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இதில் முக்கியமானவற்றைச் சரிசெய்தது என்றாலும் பழைய விதிப்படி படிக்கும் நிரல்கள் இன்னும் நிறைய. கருவி எழுதும் கோப்பில் இந்த வம்பு வராது. இது எழுத்து, இது எண், இது பூலியன் என்று மூலத்திலேயே தெரிவதால் எங்கே மேற்கோள் குறி வேண்டுமோ அங்கே அதுவே போட்டுவிடும். நிக்ஸில் ஒரு வேடிக்கையும் உண்டு: யாமல் எழுதித் தரும் அதன் ஃபங்ஷன் ஒன்று உண்மையில் எழுதுவது ஜேசன்தான். யாமலின் இப்போதைய விதிப்படி ஜேசனும் செல்லும் என்பதால் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு லாபம், ஒரு மதிப்பை ஒரே இடத்தில் வைக்க முடிவது. ஃபாண்ட் பெயரை டெர்மினலுக்கு ஒரு கோப்பில், எடிட்டருக்கு இன்னொரு கோப்பில், நோட்டிஃபிகேஷனுக்கு மூன்றாவதில் என்று தனித்தனியாக மாற்ற வேண்டாம். மூன்று பேருக்கும் மூன்று விதமான இலக்கணம், கருவி பார்த்துக்கொள்ளும். வண்ணங்களுக்கும் இப்படித்தான், பேஸ்16 முறையில் பதினாறு வண்ணங்களை ஒருமுறை சொல்லிவிட்டால் ஸ்டைலிக்ஸ் போன்ற கருவி எல்லா நிரல்களுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. மடிக்கணினியில் பேட்டரி சதவீதம் காட்டு, மேசைக்கணினியில் வேண்டாம் என்பது ஒரு நிபந்தனை வரிதான். கிட் பார்த்துக்கொள்ளும் ரெப்போ என்ற களஞ்சியத்தில் வைத்துவிட்டால் எப்போது எதை மாற்றினோம் என்ற வரலாறும் கிடைக்கும், ஜேசனில் எழுத முடியாத கமெண்டையும் இங்கே தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

சரிபார்ப்பைப் பற்றியும் கடிதக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார், தப்பாக எழுதினால் கருவியே நிறுத்திவிடும் என்று. பாதி உண்மை. ஹோம் மேனேஜர் தானே பெயர் வைத்து அறிவித்திருக்கும் ஆப்ஷன்களில் எண் கேட்கும் இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் நிச்சயம் நிறுத்தும், இல்லாத ஆப்ஷன் பெயரை எழுதினாலும் நிறுத்தும். ஆனால் ஒவ்வொரு நிரலின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஆப்ஷன் எழுதிக்கொண்டிருந்தால் தீராது என்று, இப்போது பெரும்பாலும் செட்டிங்ஸ் என்று ஒரே ஒரு திறந்த பெட்டியை வைத்துவிடுகிறார்கள். நிக்ஸ் உலகத்தில் ஆர்எஃப்சி 42 என்ற முன்மொழிவு சொன்ன வழி அது, நல்ல வழிதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நீங்கள் எழுதும் பெயர் அந்த நிரலுக்குத் தெரிந்த பெயரா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பிசகு அழகான, இலக்கணச் சுத்தமான கோப்பாக வெளியே வரும், நிரல் அதைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். ஆகவே நிரலின் சொந்தக் கையேட்டைப் படிக்கும் வேலை ஒழியவில்லை. அதை மூடி வைத்துவிட்டு ஹோம் மேனேஜர் ஆப்ஷன் பட்டியலை மட்டும் பார்த்து எழுதுகிறவர்களுக்கு, ஏதாவது ஓடாதபோது பிரச்சினை நிரலிலா கருவியிலா என்றே தெரியாது.

வரிசை ஒரு தனித் தொல்லை. நிக்ஸில் பெயரும் மதிப்பும் சேர்ந்த தொகுப்புக்கு வரிசை என்று ஒன்று கிடையாது, வெளியே எழுதும்போது அகரவரிசையில் வந்து விழும். பெரும்பாலான நிரல்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. தூரத்து சர்வர்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அப்படியில்லை. அதன் கான்ஃபிக்கில் ஒரு அமைப்புக்கு முதலில் எந்த மதிப்பு கிடைக்கிறதோ அதுதான் செல்லும், பின்னால் வருவது செல்லாது. அதனால்தான் குறிப்பிட்ட சர்வர்களை மேலே எழுதி, எல்லாவற்றுக்கும் பொதுவான நட்சத்திரக் குறி விதியைக் கடைசியில் வைக்கச் சொல்வார்கள். இப்போது அகரவரிசையை நினைத்துப் பாருங்கள், கணினியின் எழுத்து வரிசையில் நட்சத்திரக் குறி எல்லா எழுத்துகளுக்கும் முன்னால் வருகிறது. சும்மா வரிசைப்படுத்தி எழுதினால் பொது விதி தலையில் போய் உட்கார்ந்துகொண்டு கீழே உள்ள அத்தனையையும் அடித்துவிடும். இதற்காகவே ஹோம் மேனேஜரில் இந்தப் பகுதி அதற்கு முன்னால், அது இதற்குப் பின்னால் என்று சொல்ல ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்கள். கிட் நேர்மாறு, ஒரு அமைப்புக்கு இரண்டு மதிப்பு இருந்தால் கடைசியில் வந்ததை எடுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசங்களைக் கருவி உங்களிடமிருந்து மறைத்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நிரலே எழுதும் கோப்புகளைப் பற்றி. கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் எச்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நீங்கள் எதை மாற்றினாலும் மூடும்போது தன் கான்ஃபிக் கோப்பைத் தானே திருப்பி எழுதும். விஷுவல் ஸ்டுடியோ கோடில் செட்டிங்ஸ் திரையில் ஒரு டிக் போட்டால் அது செட்டிங்ஸ் ஜேசன் கோப்பில் போய் எழுதப் பார்க்கும். ஆனால் அந்தக் கோப்பு நிக்ஸ் ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோரில் யாரும் எழுத முடியாது, ஆகவே சேமிக்க முடியவில்லை என்று பிழை வரும். அதாவது பரவாயில்லை, தெரிந்துவிடுகிறது. வேறு சில நிரல்கள் பாதுகாப்பாகச் சேமிப்பதற்காக முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடும். அப்போது உங்கள் சிம்லிங்க் காணாமல் போய் அந்த இடத்தில் சாதாரணக் கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும், உங்கள் மூலத்தில் இருப்பது ஒன்று நிரல் படிப்பது ஒன்று என்று ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த சுவிட்சில்தான் இங்கே ஏதோ கோப்பு இருக்கிறதே என்று கருவி நின்று கேட்கும். ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி நேராகும்?

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்க வேண்டிய கேள்வி, இதை எழுதுவது நானா, நிரலா என்பதுதான். ஷெல், கிட், எஸ்எஸ்எச், டெர்மினல், டைலிங் ஜன்னல் மேனேஜர் இவையெல்லாம் பெரும்பாலும் நாம் எழுதி நிரல் படிக்கும் கோப்புகள், தயங்காமல் கருவியிடம் கொடுக்கலாம். நிரலே எழுதும் கோப்பை அதன் போக்கில் விட்டுவிடுங்கள், அதை ரெப்போவில் பிடித்துப்போட வேண்டும் என்ற ஆசையை விட்டுத்தள்ளுங்கள். இரண்டு பேரும் எழுதும் கோப்புக்கு ஒரு நடுவழி உண்டு, ஆனால் நிரல் ஒத்துழைக்க வேண்டும். கிட்டில் இன்னொரு கோப்பையும் சேர்த்துப் படி என்று இன்க்ளூட் போடலாம், 2017இல் வந்த 2.13 பதிப்பு முதல் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து இன்க்ளூட் செய்யவும் முடியும். எஸ்எஸ்எச்சுக்கும் 2016இல் வந்த 7.3 பதிப்பில் இன்க்ளூட் வந்துவிட்டது. கருவி உருவாக்கும் பகுதி தனிக் கோப்பு, அவசரத்துக்குக் கையால் மாற்றும் பகுதி தனிக் கோப்பு. எது மேலே வர வேண்டும் என்பதற்கு மேலே சொன்ன முதலில் வந்தது, கடைசியில் வந்தது கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்க்ளூட் இல்லாத நிரலாக இருந்தால், ரெப்போவில் இருக்கும் சாதாரணக் கோப்புக்கே நேராக லிங்க் போடவும் ஹோம் மேனேஜரில் வழி இருக்கிறது. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் பழைய ஜெனரேஷனுக்குத் திரும்பும் வசதி போய்விடும், ஆனால் ஒரு வரியை மாற்றியதும் பலன் உடனே தெரியும். புதிதாக ஒரு எடிட்டரைச் செதுக்கிக்கொண்டிருக்கும் நாட்களில் வரிக்கு வரி சுவிட்ச் கொடுத்துக் காத்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நிக்ஸ் மொழியைப் பார்த்ததும் மிரண்டு ஓடுகிறவர்களும் உண்டு, அதன் பிழைச் செய்திகளைப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு ஷேமுவா என்ற கருவி போதும் என்பது என் கருத்து. அது கோ மொழியில் எழுதப்பட்டது, நிக்ஸ் தேவையில்லை. உண்மையான கான்ஃபிக் கோப்பையே எடுத்து வைத்துக்கொண்டு, கணினிக்குக் கணினி மாறும் இடங்களில் மட்டும் மதிப்பை நிரப்பச் சொல்லும் டெம்ப்ளேட் குறிகளைப் போட்டு, என்ன மாறப்போகிறது என்று காட்டும் டிஃப் பார்த்துவிட்டு அப்ளை கொடுத்தால் சாதாரணக் கோப்பாகவே ஹோம் ஃபோல்டரில் எழுதிவிடும். நிரல் அதை மாற்றினால் பிழை எதுவும் வராது, அடுத்த டிஃபில் வித்தியாசம் தெரியும், வேண்டுமானால் மூலத்துக்குக் கொண்டுவந்துகொள்ளலாம். குறை என்னவென்றால் டெம்ப்ளேட்டுக்கு எல்லாமே வெறும் எழுத்துதான், ஒட்டும் மதிப்பு எண்ணா பூலியனா, யாமலில் எத்தனை இடைவெளி உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. 'நோ' தொல்லை இங்கே அப்படியே திரும்பி வரும். லிங்க் மட்டும் போட்டால் போதும் என்பவர்களுக்கு 1993 முதல் இருக்கும் குனு ஸ்டோ இருக்கவே இருக்கிறது, அது எதையும் உருவாக்காது, அதனால் குழப்பமும் குறைவு.

கட்டுரையாளரும் கடிதக்காரரும் சேர்ந்து விட்டுவிட்ட ஒன்று, கடவுச்சொல்லும் டோக்கனும். நிக்ஸ் ஸ்டோரில் இருக்கும் எதையும் அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். மின்னஞ்சல் கான்ஃபிக்கை உருவாக்குகிறேன் என்று கடவுச்சொல்லையும் மதிப்பாக எழுதிவிட்டால் அது ஸ்டோருக்குள் திறந்த கோப்பாகப் போய்விடும், பழைய ஜெனரேஷன்களிலும் கிடக்கும், ரெப்போவைப் பொதுவில் வைத்திருந்தால் கிட் வரலாற்றிலும் ஏறிவிடும், பிறகு அந்த வரியை அழித்து என்ன பயன். பல நிரல்கள் கடவுச்சொல்லை நேராகக் கேட்காமல் எந்த கமாண்டை ஓட்டினால் அது கிடைக்கும் என்று எழுத இடம் கொடுக்கின்றன, அந்த இடத்தைப் பயன்படுத்துவதுதான் எளிய வழி. இல்லையென்றால் நிக்ஸுக்கு ஏஜ்நிக்ஸ், சாப்ஸ்-நிக்ஸ் என்று குறியாக்கம் செய்து வைக்கும் துணைக்கருவிகள் இருக்கின்றன, ஷேமுவா பாஸ்வேர்டு மேனேஜர்களிடமிருந்து நேராகவே வாங்கிக்கொள்ளும்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இது பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால் இரண்டு கோரிக்கைகள். டாட் கான்ஃபிக் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துப் போகலாம் என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், டோக்கன்கள் அதில் இருப்பதால் அதை நம்பி யாராவது அந்த பென் டிரைவை இன்னொருவருக்குக் கொடுத்தால் வம்பு. அடுத்தது, கருவிகளின் பட்டியலைப் போட்டு நிறுத்தாமல் கிட் கான்ஃபிக் என்ற ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு அதை ஹோம் மேனேஜரில் எழுதினால் எப்படி இருக்கும், ஷேமுவாவில் எழுதினால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சிறிய கோப்பு, நாம் மட்டும் எழுதுவது, கெட்டுப்போனாலும் ஹோம் ஃபோல்டரில் வேறு எதையும் இழுத்துக்கொண்டு போகாது.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பக்கத்தை விடாமல் படிக்கும் ஒரு வாசகர்